ஒரு குழாய்க் குருதியில் இரண்டு டி.என்.ஏ.

காய்ச்சலோடு வரும் ஒரு கமக்காரரின் கையிலிருந்து மூன்று மில்லிலீற்றர் குருதி எடுத்தால், அதற்குள் இரண்டு உயிர்களின் டி.என்.ஏ. இருக்கக்கூடும். ஒன்று அவருடையது. மற்றது அவரைப் படுக்கையில் போட்ட கிருமியினுடையது. தொற்றுநோயைப் பற்றி மரபணுவியல் கேட்கும் கேள்விகளும் இந்த இரண்டு பக்கமாகவே பிரிகின்றன. வந்திருப்பது எந்தக் கிருமி, அதில் எந்த இனம், எங்கிருந்து வந்தது என்பது ஒரு பக்கம். ஒரே வாய்க்காலில் இறங்கி வேலை செய்த இருவரில் ஒருவர் இரண்டு நாளில் எழும்பிவிட, மற்றவருக்குச் சிறுநீரகம் ஏன் பழுதானது என்பது மறுபக்கம். இரண்டுக்கும் விடை தேடுவது ஒரே குழாயில். ஆனால் குழாயிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கும் வழி இரண்டுக்கும் வேறு. ஒன்றைப் பிடிக்கத் தோதான வழி, மற்றதைக் கழிவு நீரோடு ஊற்றிவிடும்.

கிளிநொச்சியின் வட்டக்கச்சியில் நின்று இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இரணைமடுக் குளத்தை நம்பி எழுந்த குடியேற்ற ஊர்களில் ஒன்று இது. நெல் இங்கே முதன்மைத் தொழில். காலபோகத்தில் விதைப்பும் மழையும் வெள்ளமும் நெருங்கி நெருங்கி வரும். வயலிலும் வாய்க்காலிலும் தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலக்கிறது. மாடும் நாயும்கூட அந்தக் கிருமியைக் காவும். அந்த நீரில் மணிக்கணக்காக நிற்பவரின் காற்புண், பித்தவெடிப்பு, சின்னக் கீறல் எதுவாயினும் போதும், எலிக்காய்ச்சலைத் தரும் லெப்ரொஸ்பைரா என்ற சுருள் வடிவப் பக்ரீரியா உள்ளே போய்விடும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் இறுதியில் பெங்கல் புயல் மழைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் மரணங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. இனங்காணப்படாத காய்ச்சல் என்றுதான் முதலில் பேச்சு எழுந்தது. மாதிரிகளைப் பரிசோதித்த பிறகே எலிக்காய்ச்சல் என்பது தெளிவானது.

எலிக்காய்ச்சல் என்று தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு எங்கள் அயலிலேயே சான்று இருக்கிறது. 2008 இல் இலங்கையில் பெரும் எலிக்காய்ச்சல் அலை ஒன்று வந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் இருக்கலாம் என அறிவிக்கப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிறகு 2011 ஜனவரி வெள்ளத்தைத் தொடர்ந்து அநுராதபுரத்தில் நோய் கிளம்பியது. ரஜரட்டப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுனெத் அகம்பொடியும் அவரது குழுவினரும் நோயாளரின் குருதியிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, பக்ரீரியாவின் ஒரு மரபணுத் துண்டைப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையை வாசித்தார்கள். ஈரவலயத்தில் முன்பு காணப்பட்டது லெப்ரொஸ்பைரா இன்டெரொகன்ஸ் என்ற இனம். வறண்ட அநுராதபுரத்தில் முன்னிற்பதாகத் தெரிந்ததோ லெப்ரொஸ்பைரா கிர்ஷ்னெரி. ஒரே தீவு, ஒரே நோய்ப்பெயர், வேறு வேறு கிருமி. இனம் மாறினால் அதைச் சுமக்கும் விலங்கு மாறலாம், நோயின் கடுமை மாறலாம். பிறபொருளெதிரியைக் கொண்டு நோயைக் கண்டுபிடிக்கும் பழைய சோதனைக்கு ஆய்வுகூடம் உயிருள்ள லெப்ரொஸ்பைரா வகைகளை வளர்த்து வைத்திருக்க வேண்டும்; உள்ளூரில் சுற்றும் வகை அந்த வரிசையில் இல்லாவிட்டால் நோயாளி கணக்கில் விடுபட்டுப்போவார். வட்டக்கச்சி இருக்கும் வன்னியும் வறண்ட வலயம்தான். அநுராதபுரத்தில் கேட்ட கேள்வியை இங்கும் கேட்டாக வேண்டும்.

கேள்வி எளிது. குருதிக்குள் அதைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ 60 இலட்சம் வெண்குழியங்கள். ஒவ்வொன்றின் கருவிலும் 6.6 பிக்கோகிராம் டி.என்.ஏ.; ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. மொத்தத்தில் ஒரு மில்லிலீற்றரில் 40 மைக்கிரோகிராம் மனித டி.என்.ஏ. சேரும். செங்குழியங்கள் எண்ணிக்கையில் இதைவிடப் பன்மடங்கு அதிகம் என்றாலும் அவற்றுக்குக் கரு இல்லை, டி.என்.ஏ.யும் இல்லை. லெப்ரொஸ்பைராவின் மரபணுத்தொகுதி 47 இலட்சம் எழுத்துக்கள் கொண்டது; மனிதனுடையதோ 320 கோடி. ஒரு மில்லிலீற்றரில் ஆயிரம் பக்ரீரியாக்கள் ஓடுவதாக வைத்துக்கொண்டால், அவற்றின் டி.என்.ஏ. எல்லாம் சேர்ந்து ஐந்து பிக்கோகிராம்தான் வரும். 80 இலட்சத்துக்கு ஒன்று என்ற விகிதம். மூன்று மூட்டை நெல்லுக்குள் ஒரேயொரு பதரைத் தேடும் வேலை இது.

நோயாளியிடமிருந்து டி.என்.ஏ. எடுப்பது புதிய கலை அல்ல. உலகில் முதன்முதலாக டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டதே நோயாளரின் சீழிலிருந்துதான். 1869 இல் ஜேர்மனியின் தூபிங்கனில் பிரீட்ரிக் மீஷர் என்ற இளம் சுவிஸ் ஆய்வாளர், சத்திரசிகிச்சை நிலையத்தில் கழித்துப் போட்ட கட்டுத்துணிகளை வாங்கிவந்து, சீழில் செறிந்திருந்த வெண்குழியங்களைக் கழுவி எடுத்தார். பன்றி இரைப்பையிலிருந்து பெற்ற பெப்சின் நொதியத்தால் புரதத்தைக் கரைத்தார். கருவுக்குள் எஞ்சிய, பொசுபரசு நிறைந்த அந்தப் பொருளுக்கு நியூக்கிளின் என்று பெயர் வைத்தார். பழைய கோட்டை ஒன்றின் சமையலறைதான் அவரது ஆய்வுகூடம். அவர் செய்த வேலையின் ஒழுங்கு இன்றும் மாறவில்லை: கலத்தை உடை, புரதத்தை அகற்று, டி.என்.ஏ.யை மட்டும் மீட்டெடு.

இந்த மூன்றையும் வசதி குறைந்த ஆய்வுகூடத்திலும் செய்யக்கூடிய வழி ஒன்று 1988 இல் வெளியானது. உப்பால் புரதத்தை வீழ்த்தும் முறை அது. அதுவரை பீனோல், குளோரோபோம் போன்ற நச்சுத் திரவங்களைக் கையாள வேண்டியிருந்தது. இம்முறையில் முதலில் செங்குழியங்களை ஓர் ஐதான உப்புக் கரைசலால் வெடிக்க வைப்பார்கள். மையநீக்கியில் சுழற்றினால் வெண்குழியங்கள் அடியில் படியும். மேலே நிற்கும் சிவப்பு நீரை ஊற்றிவிடலாம். படிந்த வெண்குழியங்களுக்குச் சவர்க்காரம் போன்ற ஒரு பொருள் சேர்த்தால் அவற்றின் மென்சவ்வு கொழுப்புக் கரைவதுபோல் கரையும். புரோட்டினேஸ் கே என்ற நொதியம் புரதங்களை வெட்டித் தள்ளும். அதை ஒரு பூஞ்சணத்திலிருந்து எடுக்கிறார்கள். தலைமயிரிலுள்ள கெரற்றினைக்கூடச் செரிக்கும் என்பதால் கே என்ற எழுத்து. பிறகு செறிந்த கறியுப்புக் கரைசல். உப்பு நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள, எஞ்சிய புரதங்கள் கரைந்து நிற்க முடியாமல் வீழ்படிவாகும். தெளிந்த நீரைப் புதுக்குழாய்க்கு மாற்றிக் குளிர்ந்த அற்ககோலை மெல்ல ஊற்றும்போது, வெள்ளைத் தும்புபோல டி.என்.ஏ. திரண்டு மிதப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். அந்தக் காட்சியை ஒவ்வொரு பாடசாலை மாணவரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பேன். அதை எடுத்துக் கழுவிக் கரைத்து வைத்தால் பல வருடங்கள் கெடாது.

மனித டி.என்.ஏ. வேண்டுமென்றால் இது அருமையான வழி. எலிக்காய்ச்சல் கிருமி வேண்டுமென்றால்? மெதுவாகச் சுழற்றும்போது வெண்குழியங்கள் அடியில் படிகின்றன. மெலிந்த லெப்ரொஸ்பைராவோ மேலேயே மிதக்கிறது. ஊற்றிய சிவப்பு நீரோடு அதுவும் போய்விடும். முதற் படியிலேயே ஆய்வு முடிந்தது. சீரம் எடுப்பதற்காகக் குருதியை உறையவிட்டாலும் கிருமிகள் கட்டிக்குள் சிக்கக்கூடும். ஆகவே கிருமியைத் தேடுபவர் உறையாத முழுக் குருதியை, இயன்றளவு கூடிய அளவில் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகவே உடைத்து, வரும் டி.என்.ஏ.யை மிகச் சிறிய துளிக்குள் செறிவாக்க வேண்டும்.

அதற்கு உதவுவது மணல். மணலிலும் கண்ணாடியிலும் உள்ள சிலிக்கா. 1990 இல் நெதர்லாந்தின் அம்ஸ்ரடாமைச் சேர்ந்த பூம் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் இந்த முறையை வெளியிட்டார்கள். குவானிடீனியம் தயோசயனேற்று என்ற உப்பு, கலங்களையும் கிருமிகளையும் உடைத்து, டி.என்.ஏ.யை அரிக்கும் நொதியங்களையும் செயலிழக்கச் செய்கிறது. சாதாரண நீரில் டி.என்.ஏ.யும் சிலிக்காவும் இரண்டுமே மறையேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். இந்த உப்பு நிறைந்த கரைசலில் அவற்றைச் சூழ்ந்த நீர்ப்படலம் குலைகிறது. அப்போது டி.என்.ஏ. சிலிக்காவில் போய் ஒட்டிக்கொள்கிறது. அற்ககோலால் கழுவினால் அழுக்குப் போகும், டி.என்.ஏ. போகாது. கடைசியில் சில துளி உப்பில்லா நீர் விட்டால் பிடி தளர்ந்து இறங்கிவிடும். இன்று பெட்டியில் வரும் பிரித்தெடுப்புத் தொகுப்புகளில் பெரும்பாலானவற்றின் உள்ளிருப்பது இந்த வேதியியல்தான். கொரோனாக் காலத்தில் வைரசின் ஆர்.என்.ஏ.யைப் பிரிக்கவும் இதுவே பயன்பட்டது. 2020 ஏப்ரலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். பரிசோதனை ஆரம்பமானபோது வடக்கு மக்கள் பலரும் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டார்கள். பி.சி.ஆர். பற்றி எல்லோரும் பேசினோம். அதற்கு முன் நடக்கும் பிரித்தெடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த வருடம் உலகம் முழுவதும் பரிசோதனைகள் தடைப்பட்டதற்குப் பிரித்தெடுப்புப் பொருட்களின் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

ஆய்வுகூடத்தில் எவ்வளவு திறமை இருந்தாலும், விடுதியில் குருதி எடுத்த கணத்தில் நடந்த பிழையைத் திருத்த முடியாது. குருதி உறையாமலிருக்க எப்பரின் கலந்த குழாயில் எடுத்தால், அந்த எப்பரினே பின்னர் பி.சி.ஆர். தாக்கத்தைத் தடுக்கும். ஈ.டி.ரி.ஏ. உள்ள ஊதா மூடிக் குழாய்தான் இதற்கு ஏற்றது. செங்குழியங்கள் உடைந்து வரும் ஈம் என்ற நிறப்பொருளும் பி.சி.ஆருக்குத் தடை, அதனால் குழாயைக் குலுக்கக்கூடாது, மெல்லத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். முழுக் குருதியை அப்படியே உறைநிலைக்குக் கொண்டுபோய் உருக்கினாலும் செங்குழியங்கள் உடையும். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது நாட்கணக்கு. லெப்ரொஸ்பைரா குருதியில் ஓடுவது பெரும்பாலும் முதல் வாரத்தில். அதன்பின் உடல் பிறபொருளெதிரிகளைத் தயாரிக்க, கிருமி குருதியை விட்டு மறைந்து சிறுநீரில் தோன்றும். நுண்ணுயிர்கொல்லி தொடங்கிவிட்டால் இன்னும் விரைவாக மறையும். மருந்தைத் தள்ளிப்போட முடியாது, போடவும் கூடாது. ஆகவே முதல் ஊசிக்கு முன் ஒரு குழாய் கூடுதலாக எடுத்து வைப்பதுதான் வழி. அந்த ஒரு நிமிட வேலையைச் செய்யும் தாதியின் கையில் முழு ஆய்வும் தங்கியிருக்கிறது.

மனித டி.என்.ஏ.க்கு இந்த அவசரம் இல்லை. நோயாளி பிழைத்து வீடு போய்ப் பத்து வருடம் கழித்து எடுத்தாலும் அது அதேதான். இந்த வித்தியாசத்தை எனக்கு நன்றாக உணர்த்துவது மலேரியா. 1999 இல் இலங்கையில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மலேரியா நோயாளர் பதிவாகினர். போர் நடந்த வடக்கும் கிழக்கும் அதில் பெரும்பங்கைச் சுமந்தன. வன்னியில் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்குக் குளிரும் நடுக்கமும் குளோரோகுயினின் கசப்பும் தெரியாதிருக்காது. உள்ளூர் மலேரியாவின் கடைசி நோயாளர் பதிவானது 2012 ஒக்ரோபரில். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை வழங்கியது. அது கொண்டாட வேண்டிய வெற்றி. ஆனால் அப்போது எடுத்து வைக்கப்படாத அந்த ஒட்டுண்ணிகளின் டி.என்.ஏ. இனி எங்கு தேடினாலும் கிடையாது. நோயுற்றவர்களின் டி.என்.ஏ.யோ அவர்களோடு இன்னமும் இருக்கிறது. மலேரியாவை மனித மரபணு எப்படி எதிர்கொள்கிறது என்று ஆராய மலேரியாஜென் என்ற பன்னாட்டு ஆய்வு வலையமைப்பு உருவானபோது, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் நதீரா கருணாவீரவின் குழு வழியாக இலங்கையும் அதில் சேர்ந்துகொண்டது. அரிவாட்கல மரபணுவை ஒரு பிரதியாகக் கொண்டவருக்கு மலேரியா கடுமையாக வருவதில்லை என்பதை 1954 இல் அந்தனி அலிசன் காட்டிய நாளிலிருந்து தொடரும் தேடல் இது.

மலேரியாவில் பிரித்தெடுப்பின் தந்திரமும் தலைகீழ். ஒட்டுண்ணி வசிப்பது செங்குழியத்துக்குள். செங்குழியத்துக்குச் சொந்த டி.என்.ஏ. இல்லை. அப்படியானால் வெண்குழியங்களை மட்டும் அகற்றிவிட்டால் மிஞ்சுவது ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.தான். செலுலோசுத் தூள் நிரப்பிய ஒரு சிறு குழாயினூடாகக் குருதியை வடியவிட்டால் வெண்குழியங்கள் அதில் தங்கிவிடும். செங்குழியங்கள் கீழே இறங்கும். மின்சாரம்கூடத் தேவையில்லை. மனித டி.என்.ஏ. தேடுபவர் ஊற்றிவிடும் செங்குழியம், ஒட்டுண்ணியைத் தேடுபவருக்குப் பொக்கிசம்.

மணல் ஈயால் பரவும் லீஷ்மேனியாசிசுக்குக் குருதியே எடுப்பதில்லை. இலங்கையில் உள்ளூர்த் தொற்று முதன்முதலில் அறியப்பட்டது 1992 இல். தோலில் ஆறாப் புண்ணாக வரும் இந்நோய்க்குப் புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்தால் போதும். ஒட்டுண்ணி ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறக்குறைய பத்தாயிரம் சிறு டி.என்.ஏ. வளையங்கள் இருப்பதால், மிகச் சில ஒட்டுண்ணிகளே அகப்பட்டாலும் பி.சி.ஆர். பிடித்துவிடும். ஒட்டுண்ணியின் இனத்தை வகைப்படுத்திப் பார்த்தபோது வந்த செய்தி வியப்பானது. தோல் நோயைத் தந்துகொண்டிருந்தது லீஷ்மேனியா டொனோவானி. இந்தியாவில் உள்ளுறுப்புக்களைத் தாக்கிக் கொல்லும் காலா அசாரை உண்டாக்கும் அதே இனம். புண்ணைக் கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் இது தெரிய வந்திருக்காது.

ஒரு பரிசோதனை கிருமி இல்லை என்று சொன்னால் அதை எப்படி நம்புவது? பிரித்தெடுப்பு தோற்றிருந்தாலும் அதே விடைதான் வரும். அதனால் நல்ல ஆய்வுகூடம் ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு மனித மரபணுவையும் சேர்த்துத் தேடும். மனித டி.என்.ஏ.யே வராவிட்டால் பிழை எங்கள் கையில், நோயாளியின் குருதியில் அல்ல. குருதிக்குப் பதிலாக வெறும் நீரை வைத்தும் எல்லாப் படிகளையும் செய்வார்கள். அந்த நீரில் கிருமி தெரிந்தால் அன்றைய முடிவுகள் முழுவதும் குப்பைக்கே. இந்த இரண்டும் இல்லாமல் வெளியாகும் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

இனி, சொல்லாமல் கடக்கக்கூடாத ஒரு விசயம். டி.என்.ஏ. என்றதும் வன்னி மக்களின் மனதில் முதலில் எழுவது எலிக்காய்ச்சலா? இல்லை, தொலைந்த உறவை அடையாளம் காணும் சோதனைதான். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் இருந்து போராடுகிறார்கள். 2023 ஜூனில் முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய்க்கு மண் வெட்டியபோது மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. பதிவும் படிவமும் கைநாட்டும் கண்டு களைத்த மக்கள் இவர்கள். கிருமியைத் தேடி எடுத்த குருதியில் நோயாளியின் டி.என்.ஏ.யும் வருகிறது, பரம்பரை நோய், உறவுமுறை எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. ஆகவே சம்மதப் படிவம் அவர்கள் பேசும் தமிழில் இருக்க வேண்டும். இந்தக் குருதி எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது, எங்கே வைக்கப்படும், நாட்டுக்கு வெளியே போகுமா, மனித டி.என்.ஏ.யின் வரிசை அழிக்கப்படுமா என்பதை வாயால் சொல்லி விளக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்பவருக்குச் சிகிச்சையில் ஒரு குறையும் வரக்கூடாது.

என் நிலைப்பாடு இது: பிரித்தெடுப்பு கிளிநொச்சியிலேயே நடக்க வேண்டும். கொழும்பு 300 கிலோமீற்றருக்கு அப்பால். குருதி குளிரில் போகவேண்டும், தாமதித்தால் கெடும், பிரித்தெடுத்த டி.என்.ஏ. ஒரு சிறு குழாயில் அமைதியாகப் பயணம் செய்யும். மையநீக்கி, வெப்பத்தொட்டி, நுண்குழாயி, உறைகுளிரூட்டி, பழகிய இரண்டு கைகள். இவ்வளவுதான் வேண்டும். வரிசை வாசிக்கும் விலையுயர்ந்த பொறி கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் தொழினுட்ப பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வட்டக்கச்சிப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையும் இந்தப் பீடங்களும் கைகோத்தால், அடுத்த காலபோக வெள்ளம் வரும்போது வன்னி லெப்ரொஸ்பைராவின் டி.என்.ஏ. இங்கேயே ஒரு பெட்டியில் சேரத் தொடங்கும். மலேரியா விடயத்தில் போன காலம் போய்விட்டது. எலிக்காய்ச்சலிலும் அப்படிப் போகவிடக்கூடாது.

வயலில் இறங்கும் உறவுகளே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் காலபோகத்தில் தரும் டொக்சிசைக்கிளின் மாத்திரையை வாரம் தவறாமல் போடுங்கள். காய்ச்சலும் தசைநோவும் கண்சிவப்பும் வந்தால் பனடோலோடு வீட்டில் கிடக்காமல் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வைத்தியசாலைக்குப் போங்கள், வயலில் நின்றதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆய்வுக்கு ஒரு குழாய் குருதி கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். விளக்கம் திருப்தியாக இருந்தால் கொடுங்கள்.